பக்கத்து நாற்காலி

யசுஜிரோ ஓசுவின் ‘லேட் ஸ்பிரிங்’ (1949) படத்தில் ஒரு ஜாடி வருகிறது. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அப்பாவும் அவளும் கடைசியாக ஒருமுறை கியோத்தோவுக்குப் போய் ஒரு விடுதியில் தங்குகிறார்கள். இரவு விளக்கணைத்துப் படுத்தபின் மகள் ஏதோ பேசிக்கொண்டிருக்கிறாள், அப்பா தூங்கிப்போகிறார். அவள் கூரையைப் பார்த்துப் புன்னகைக்கிறாள். அடுத்த ஷாட்டில் அறைக்குள் ஒரு ஜாடி, பின்னால் ஜன்னல் காகிதத்தில் மூங்கில் நிழல். திரும்ப அவள் முகம் வரும்போது புன்னகை போய், அழுகைக்கு ஓரடி முன்னால் நிற்கிறாள். மறுபடியும் அதே ஜாடி, இம்முறை இன்னும் சற்று நீளமாக. அவ்வளவுதான் காட்சி.

இந்த ஜாடிக்காகத் திரைப்பட ஆய்வாளர்கள் ஐம்பது வருடமாகத் தகராறு செய்கிறார்கள். பின்னாளில் ‘டாக்ஸி டிரைவர்’ படத்துக்குத் திரைக்கதை எழுதிய பால் ஷ்ரேடர், 1972-இல் வெளியான தன் நூலில், அந்தப் பெண்ணின் துக்கத்தை ஜாடி வாங்கிக்கொள்கிறது, அசையாத பொருளுக்குள் போன உணர்ச்சி அங்கே வேறொன்றாக மாறுகிறது என்றார். ஜப்பானிலேயே வாழ்நாளைக் கழித்த டொனால்ட் ரிச்சி, பார்க்கிற நாம்தான் நம் உணர்ச்சியை அதற்குள் ஊற்றுகிறோம் என்கிற பக்கம் நின்றார். கிறிஸ்டின் தாம்ப்சனும் டேவிட் போர்ட்வெல்லும் இரண்டையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஜாடிக்குப் பதில் வேறொரு பொருள் இருந்திருந்தாலும் ஓசுவின் காரியம் நடந்திருக்கும். கதையைவிட்டு நம் கண்ணைச் சற்று விலக்கி வைப்பதுதான் அந்த ஷாட்டின் வேலை என்பது அவர்கள் கட்சி.

இவர்களில் ஒருவரையும் படிப்பதற்கு முன்பே நானும் என் நண்பரும் இதே சண்டையை ஆழ்வார்பேட்டையில் ஒரு டீக்கடை வாசலில் போட்டிருக்கிறோம். “அவ ஜாடியைப் பார்க்கவே இல்லையேய்யா” என்றார் அவர். பார்த்தாள் என்றேன் நான். “அவ படுத்திருக்கா, ஜாடி வேற பக்கம் இருக்கு, நீ படம் பார்த்தியா தூங்கினியா?” என்று கேட்டார். அன்றிரவு வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு உறைத்தது, அவள் எங்கே பார்க்கிறாள் என்பதை நான் கவனிக்கவே இல்லை. முகத்தையும் ஜாடியையும் பார்த்துவிட்டு, நடுவில் ஒரு பார்வையை நானாகவே போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒரு படத்தைத் தனியாகப் பார்ப்பதற்கும், பக்கத்து நாற்காலியில் ஒருவரை வைத்துக்கொண்டு பார்த்துவிட்டுப் பேசுவதற்கும் உண்மையிலேயே வித்தியாசம் உண்டா? துணைக்கு ஆள் இருந்தால் பொழுது போகும் என்பதைத் தாண்டி, அந்த இரண்டாவது ஆள் பார்வைக்கு என்ன செய்கிறார்? இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் இந்தக் கட்டுரை. சினிமா ரசனையின் வரலாற்றில் பெரிய அமைப்புகள் என்று நாம் நினைக்கிற பலவும் இரண்டு பேர் பேச்சில் தொடங்கியவை. அந்தப் பேச்சு எப்போது பலித்தது, எப்போது கெட்டது என்பதைப் பார்த்தால் பதில் கொஞ்சம் தெளியும்.

முதலில் பரிசோதனைக்கூடத்தில் கண்டது. 2014-இல் யேல் பல்கலைக்கழகத்தில் எரிகா பூத்பியும் அவருடைய சகாக்களும் ஒரு சின்னச் சோதனை செய்தார்கள். ஒருவருக்குச் சாக்லேட் கொடுத்து ருசி பார்க்கச் சொன்னார்கள். பக்கத்தில் இன்னொருவர். இருவரும் பேசக்கூடாது. பக்கத்திலிருப்பவரும் அதே சாக்லேட்டைத்தான் சாப்பிடுகிறார் என்று தெரிந்தபோது நல்ல சாக்லேட் கூடுதலாகப் பிடித்தது. கசப்புச் சாக்லேட்டைக் கொடுத்தபோது அது கூடுதலாகப் பிடிக்காமல் போனது. ஒரு சொல்கூடப் பேசாமல், சேர்ந்து அனுபவிக்கிறோம் என்ற நினைப்பே அனுபவத்தைக் கூர்மையாக்கிவிடுகிறது. கூட்டமாகப் பார்த்துச் சிரித்த நகைச்சுவைப் படத்தை வீட்டில் தனியாகப் பார்க்கும்போது சப்பென்று இருப்பதை இதோடு சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது சோதனை அவ்வளவு இதமானதல்ல. 2003-இல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் பல்கலைக்கழகத்தில் ஃபியோனா காபெர்ட், அமீனா மெமோன், கெவின் ஆலன் மூவரும் நடத்தியது. ஒரு சிறு குற்றச் சம்பவத்தை இரண்டு கோணங்களில் படமெடுத்து, ஜோடியாக வந்தவர்களில் ஒருவருக்கு ஒன்றையும் மற்றவருக்கு மற்றதையும் காட்டினார்கள். இருவருமே ஒரே படத்தைப் பார்த்ததாக நினைத்தார்கள். பணம் திருடப்படுவது ஒரு கோணத்தில் மட்டுமே தெரியும். பிறகு ஜோடிகளைப் பேசவிட்டு, தனித்தனியாக என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். பேசியவர்களில் 71 சதவீதம் பேர் தாங்கள் பார்க்கவே முடியாத ஒன்றையாவது பார்த்ததாகச் சொன்னார்கள். நண்பர் சொன்னது நம் கண்ணில் பட்டதாகவே பதிந்துபோகிறது.

ஆக, பேச்சு பார்வையைக் கெடுக்கவும் செய்யும். படம் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் பேசவே கூடாது என்று சிலர் பிடிவாதம் பிடிப்பதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பிடிவாதக்காரர்களின் தலைவர் என்று ஆன்ரி லாங்லுவாவைச் சொல்லலாம். 1935-இல் அவரும் ஜார்ஜ் ஃபிரான்ஜுவும் பாரிஸில் ஒரு திரைப்பட வட்டத்தைத் தொடங்கினார்கள். இருபதைத் தாண்டிச் சில வயது, கையில் காசில்லை, மௌனப் படங்கள் குப்பைக்குப் போய்க்கொண்டிருந்த நேரம். பேசும்படம் வந்துவிட்டதால் பழைய பிரிண்டுகளை வெள்ளிக்காகவும் செல்லுலாய்டுக்காகவும் உருக்கிக்கொண்டிருந்தார்கள். கிடைத்ததைச் சேர்த்து, காட்டி, அடுத்த வருடமே சினிமாதெக் ஃபிரான்ஸேஸ் என்ற ஆவணக்காப்பகத்தை ஆரம்பித்துவிட்டார்கள். சில படங்களை லாங்லுவா குளியல் தொட்டியில் வைத்திருந்தார் என்பது பாரிஸில் இன்றும் புழங்கும் கதை. அவர்களுடைய வட்டத்தின் விதி மற்றக் கழகங்களுக்கு நேரெதிரானது: படம் முடிந்தபின் விவாதம் கிடையாது. பார், போ, மறுபடி வா. ஒரு படத்துக்கு அடுத்த படம்தான் விளக்கம் என்பது அவர் எண்ணம்.

எதிர்க்கட்சியில் ஆந்த்ரே பாஸான். போருக்குப் பின் தொழிற்சாலைகளிலும் தொழிற்சங்கங்களிலும் படம் போட்டு, போட்ட படத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசவைத்தவர். இந்த இருவருடைய பள்ளிகளிலும் ஒரே சமயத்தில் படித்த பையன்கள்தான் பின்னால் பிரெஞ்சுப் புதிய அலையாக வந்தார்கள். அவர்களில் ஒரு ஜோடியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

ஃபிரான்ஸ்வா த்ரூஃபோவுக்கு ராபர் லாஷ்னே என்று ஒரு பள்ளித் தோழர். இருவரும் வகுப்பைக் கட் அடித்துவிட்டுப் படத்துக்குப் போனவர்கள். 1948-இல் பதினாறு வயதில் த்ரூஃபோ தோழரோடு சேர்ந்து சொந்தமாக ஒரு திரைப்படக் கழகமே தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சி. அதே நேரத்தில் பாஸானுடைய கழகமும் படம் போட்டதால் கூட்டம் பிரிந்தது. நேரத்தை மாற்றிக்கொள்ளும்படி கேட்கப்போன இடத்தில்தான் பாஸானின் பழக்கமே கிடைத்தது. கழகம் கடனில் மூழ்கியது; வீட்டில் விஷயம் தெரிந்து அப்பா பையனைப் பிடித்துக் கொடுக்க, அவன் சீர்திருத்த விடுதிக்குப் போனான். மீட்டு வந்தவர் பாஸான். பதினொரு வருடம் கழித்து ‘400 புளோஸ்’ (1959) படத்தில் நாயகன் அந்த்வானுக்கு ரெனே என்று ஒரு கூட்டாளி வருகிறானே, அவன் லாஷ்னேயின் சாயல். இருவரும் தியேட்டர் வாசலில் பெர்க்மன் படத்தின் ஸ்டில்லைத் திருடிக்கொண்டு ஓடுகிற காட்சி, சினிமா ரசனையைப் பற்றி எடுக்கப்பட்ட மிக நேர்மையான காட்சிகளில் ஒன்று என்று எனக்குத் தோன்றும். ரசனை ஆரம்பத்தில் திருட்டுதான். திருடக் கூட ஒரு ஆள் வேண்டும்.

அதே த்ரூஃபோவின் வேறொரு சிநேகிதம் எப்படி முடிந்தது என்பதும் தெரிந்ததே. புதிய அலையின் இன்னொரு இயக்குநரான கோதாரும் அவரும் சினிமாதெக்கின் முன்வரிசையில் ஒன்றாக உட்கார்ந்தவர்கள், ஒரே பத்திரிகையில் எழுதியவர்கள். 1968 பிப்ரவரியில் அரசு லாங்லுவாவைப் பதவியிலிருந்து நீக்கியபோது இருவரும் சேர்ந்து தெருவில் நின்றார்கள். அந்த மே மாதம் கான் விழாவை நிறுத்தியதிலும் சேர்ந்தே இருந்தார்கள். 1973-இல் த்ரூஃபோவின் ‘டே ஃபார் நைட்’ வந்ததும் கோதார் ஒரு கடிதம் எழுதினார். படத்தில் உண்மையில்லை, நீ பொய்யன் என்று தொடங்கி, தன் அடுத்த படத்துக்குப் பணம் கேட்பதில் போய் முடிந்தது. த்ரூஃபோவின் பதில் இருபது பக்கத்துக்கு நீண்டது. அதில் பழைய கணக்குகள் எல்லாம் வந்தன. 1984-இல் த்ரூஃபோ இறக்கும்வரை இருவரும் சமாதானமாகவில்லை. அவருடைய கடிதத் தொகுப்பு 1988-இல் வந்தபோது அதற்கு முன்னுரை எழுதியவர் கோதார்!

அந்தக் கடிதங்களைப் படித்தால் ஒன்று தெரிகிறது. இரண்டாவது பக்கத்துக்கு மேல் ‘டே ஃபார் நைட்’ படமே அவற்றில் இல்லை. ஷாட் பற்றிப் பேச்சில்லை, வெட்டு பற்றிப் பேச்சில்லை. நீ யார், நான் யார் என்பது மட்டும் இருக்கிறது. படத்தை விட்டு ஆளைப் பிடித்துக்கொண்ட பேச்சு அங்கிருந்து திரும்பி வருவதில்லை.

இதற்கு நேர்மாறான கதை கல்கத்தாவில் நடந்தது. இந்தக் கட்டுரைக்கு அதுவே நடுநாயகம்.

சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் 1921-ஆம் வருடத்துப் பிள்ளைகள். நாற்பதுகளில் ராய் டி. ஜே. கீமர் என்ற விளம்பர நிறுவனத்தில் மாதம் எண்பது ரூபாய்க்குச் சேர்ந்த ஓவியர். ஹாலிவுட் படங்களுக்குப் போய், இருட்டிலேயே நோட்டில் வெட்டுகளைக் குறித்துக்கொள்வார். ஏதாவது வங்கக் கதை படமாகப்போகிறது என்று விளம்பரம் வந்தால், தானே அதற்கு ஒரு திரைக்கதை எழுதி வைத்து, படம் வந்தபின் ஒப்பிட்டுப் பார்ப்பார். தனியாக ஒருவர் எவ்வளவு தூரம் போகமுடியுமோ அவ்வளவு தூரம் போனவர். ஆனாலும் அவருக்கு ஆள் தேவைப்பட்டது.

1947-இல், சுதந்திரம் வந்து இரண்டு மாதத்தில், இருவரும் இன்னும் சில சிநேகிதர்களும் சேர்ந்து கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கினார்கள். முதலில் போட்ட படம் ஐசன்ஸ்டைனின் ‘போர்க்கப்பல் பொட்டம்கின்’. இந்தத் தேர்விலும் ஒரு மரபு உண்டு. 1925-இல் ஐவர் மாண்டேகுவும் ஹ்யூ மில்லரும் முன்னின்று லண்டனில் தொடங்கிய ஃபிலிம் சொசைட்டி, பொதுத் திரையிடலுக்குத் தடையிருந்த அந்தப் படத்தை 1929 நவம்பரில் தன் உறுப்பினர்களுக்குக் காட்டியது. தியேட்டரில் வராத படத்துக்குச் சங்கம் அமைப்பது என்ற உத்தி அங்கிருந்து வருகிறது. கல்கத்தாவில் சங்கம் என்றால் பதினாறு எம்.எம். புரொஜெக்டரும், யார் வீட்டு முன்னறை கிடைக்கிறதோ அந்த முன்னறையும்தான். சினிமாக்காரர்கள் வந்துபோனால் வீட்டின் புனிதம் கெடும் என்று ஒரு வீட்டுக்காரர் இவர்களை வெளியே அனுப்பியதை ராய் பின்னால் எழுதியிருக்கிறார். நம் ஊரிலும் இதே வாக்கியத்தைக் கேட்ட பெரியவர்கள் இருப்பார்கள்.

வங்காளிகள் கூடிப் பேசுவதை அட்டா என்பார்கள். திண்ணைப் பேச்சு என்று நாம் சொல்வதில் கொஞ்சம் வெட்டித்தனம் ஒட்டியிருக்கிறது; அவர்கள் அட்டாவை ஒரு கலையாகவே வைத்திருக்கிறார்கள். (தமிழ்க் காதுக்கு அது ஆச்சரியக் கூச்சலாகக் கேட்பது தற்செயல்தான்.) காபி ஹவுஸில் தொடங்கிய பேச்சு இவர்களிடம் கட்டுரையாக மாறியது. 1948-இல் ராய் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இந்தியப் படங்களில் என்ன கோளாறு என்று எழுதினார். அமெரிக்கப் படத்தின் மேல்பூச்சை மட்டும் எடுத்துக்கொண்டோம், நம் கண்முன் இருக்கும் வாழ்க்கையை எடுக்கவில்லை என்பது அதன் சாரம். அப்போது அவர் ஒரு அடி ஃபிலிம்கூட எடுத்திருக்கவில்லை. இன்னொரு நண்பரான ஹரிசாதன் தாஸ்குப்தாவோடு சேர்ந்து தாகூரின் ‘கரே பைரே’ நாவலைப் படமாக்கப் போட்ட திட்டம் அதே வருடம் கவிழ்ந்தது. அந்தத் திரைக்கதையைப் பிறகு படித்துப் பார்த்தபோது, நல்லவேளை கவிழ்ந்தது என்றே ராய்க்குத் தோன்றியது. கடைசியில் அதை எடுத்தது 1984-இல்.

1949-இல் பிரெஞ்சு இயக்குநர் ழான் ரென்வார் ‘தி ரிவர்’ படத்துக்கு இடம் பார்க்கக் கல்கத்தா வந்தார். விடுமுறை நாட்களில் ராய் அவரோடு சுற்றினார். சொசைட்டியில் ரென்வார் வந்து பேசினார். ஹரிசாதன் அந்தப் படத்தில் உதவியாளர். பன்சி சந்திரகுப்தா கலை இயக்கத்தில் வேலை கற்றார். சுப்ரத மித்ரா என்ற இளைஞர் படப்பிடிப்பை ஓரமாக நின்று பார்த்தார். ஆறு வருடத்தில் இந்தப் பின்னிருவரும் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யின் கலை இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் ஆனார்கள். மித்ரா அதற்கு முன் சினிமா கேமராவைக் கையாண்டதே இல்லை. 1950-இல் கம்பெனி ராயை லண்டனுக்கு அனுப்பியது. ஆறு மாதத்துக்குள் ஏறக்குறைய நூறு படங்கள் பார்த்தார். போன சில நாட்களிலேயே பார்த்தது ‘பைசைக்கிள் தீவ்ஸ்’. திரும்பி வரும் கப்பலில் ‘பதேர் பாஞ்சாலி’யின் காட்சி வரைவு தயாராகிவிட்டது.

இதுவரை எல்லோரும் சொல்லும் கதைதான். எனக்கு முக்கியமாகப் படுவது இதற்குப் பிந்தையது. ராய் உலகப் புகழ் பெற்றார். தாஸ்குப்தா விமர்சகராக நின்றார். இருவரும் 1959-இல் இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பை உண்டாக்கினார்கள். ராய் தலைவர், தாஸ்குப்தாவும், பாட்னாவில் சங்கம் நடத்திய விஜயா மூலேயும் செயலாளர்கள். தாஸ்குப்தாவின் மகள் அபர்ணா ராயின் ‘தீன் கன்யா’வில் (1961) அறிமுகமானார். இவ்வளவு நெருக்கத்துக்கு நடுவில், 1966-இல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழில் தாஸ்குப்தா ராயையும் தாகூரையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். டிராம்கள் எரிகிற, கலவரம் நடக்கிற, அகதிகளும் வேலையற்றவர்களும் நிறைந்த, விலைவாசி ஏறிக்கொண்டே போகிற கல்கத்தா ராயின் படங்களில் இல்லவே இல்லை என்று அதில் சொன்னார். ஊரறிந்த சிநேகிதர், உலகறிந்த பத்திரிகையில் இப்படி எழுதினால் நம்மில் பலருக்கு அந்தச் சிநேகிதம் அன்றோடு சரி.

ராய் 1970-இல் ‘பிரதித்வந்தி’ எடுத்தார். வேலை தேடி அலையும் ஒரு பையன், நேர்காணல் அறைகள், வெயில், தெருவில் வன்முறை. அடுத்து ‘சீமாபத்தா’ (1971), பிறகு ‘ஜன ஆரண்யா’ (1975). கல்கத்தாவை இத்தனை கசப்போடு காட்டிய படங்கள் அவரிடம் முன்பு இல்லை. தாஸ்குப்தாவின் கட்டுரைதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். நக்சல்பாரி எழுச்சி நடந்திருந்தது, நகரமே மாறியிருந்தது, இயக்குநர் மிருணாள் சென் அதே தெருக்களில் கேமராவோடு ஓடிக்கொண்டிருந்தார். ஆனால் நண்பர் வைத்த குறை படத்தைப் பற்றியது: எது சட்டகத்துக்குள் இருக்கிறது, எது இல்லை என்பது. அப்படிப்பட்ட குறைக்குப் படத்தால் பதில் சொல்ல வழியிருக்கிறது. நீ பொய்யன் என்பதற்கு எந்தப் படத்தாலும் பதில் சொல்ல முடியாது. 1980-இல் ராயின் சினிமாவைப் பற்றி தாஸ்குப்தா முழுநூலே எழுதினார். ராய் கூட்டமைப்பின் தலைவராக 1992-இல் இறக்கும்வரை இருந்தார்.

ராய்க்குச் சண்டை வராமலில்லை. 1965-இல் சென்னின் ‘ஆகாஷ் குசும்’ படத்தை முன்வைத்து ‘ஸ்டேட்ஸ்மன்’ ஆசிரியர் கடிதப் பகுதியில் இருவரும் வாரக்கணக்கில் மோதினார்கள். நக்கலும் குத்தலும் ஏறிக்கொண்டே போய், ஆசிரியர் போதும் என்று மூடினார். ஊரே படித்து ரசித்தது. இன்று அந்தக் கடிதங்களில் மிஞ்சியிருப்பது நக்கல்தான். படத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள அதிகம் இல்லை.

ஜோடிப் பேச்சு சங்கமாக விரிந்தபோது என்ன ஆயிற்று என்பதற்கு வருகிறேன். படங்கள் தூதரகங்களிலிருந்து வந்தன: சோவியத், போலிஷ், செக், ஹங்கேரியன், பிரெஞ்சு. 1964-இல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் தொடங்கி, பி. கே. நாயர் பெட்டிகளை ரயிலேற்றி ஊர் ஊராக அனுப்பத் தொடங்கினார். பதினாறு எம்.எம். பிரிண்டில் 1,600 அடி ரீல் ஓடுவது 44 நிமிடம். புரொஜெக்டர் ஒன்றே இருந்தால் ரீல் மாற்றப் படம் நிற்க வேண்டும், விளக்குப் போடுவார்கள். அந்த மூன்று நான்கு நிமிடத்தில்தான் பக்கத்து நாற்காலியின் பெருமை தெரியும். படம் இன்னும் முடியவில்லை, தீர்ப்புச் சொல்ல முடியாது. இதுவரை என்ன நடந்தது என்று மட்டும்தான் கேட்டுக்கொள்ள முடியும். “அந்த ஆளு யாரு, அவளோட அண்ணனா?” என்கிற மாதிரி. கேட்டால் அற்பம். ஆனால் புகைப்படலமாக ஓடிய தார்க்கோவ்ஸ்கியோ யாஞ்சோவோ அந்தக் கேள்வியில்தான் தரைக்கு வந்தார்கள். படம் முடிந்தபின் மேடையேறிப் பேசிய அறிஞர்களிடம் நான் கற்றதைவிட ரீல் மாற்றும் நேரத்தில் கற்றது அதிகம்.

சங்கங்களுக்குத் தணிக்கையிலிருந்து விலக்கு உண்டு. அது செய்த கூத்தும் உண்டு. எழுபதுகளில் உறுப்பினர் எண்ணிக்கை ஏறியதற்கு பெர்க்மனின் தத்துவம் மட்டும் காரணமல்ல. வெட்டப்படாத காட்சிக்காக வந்தவர்கள் நிறைய. அவர்களைத் திட்டிப் பலர் எழுதினார்கள். எனக்கு அவ்வளவு கோபமில்லை. எதற்காகவோ வந்து உட்கார்ந்து, காத்திருந்த காட்சி வராமல், மூன்று மணி நேரம் போலந்துக்காரர்களின் மனச்சாட்சியைப் பார்த்துவிட்டுப் போனவர்களில் பத்துப் பேராவது அடுத்த வாரமும் வந்திருப்பார்கள்.

கேரளத்தில் மறுபடியும் ஒரு ஜோடி. புனே திரைப்படக் கல்லூரிப் படிப்பை முடித்த அடூர் கோபாலகிருஷ்ணனும் குளத்தூர் பாஸ்கரன் நாயரும் 1965-இல் திருவனந்தபுரத்தில் சித்ரலேகா ஃபிலிம் சொசைட்டியை ஆரம்பித்தார்கள். பார்ப்பதோடு நிற்காமல் கூட்டுறவாகப் படமெடுக்கவும் இறங்கினார்கள். அடூரின் முதல் முழுநீளப் படமான ‘சுயம்வரம்’ (1972) அப்படி வந்தது. மாநிலமெங்கும் சிற்றூர்களில்கூட சங்கங்கள் முளைத்தன. பேச்சு மலையாளத்தில் நடந்தது என்பதை அடிக்கோடிட வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு வந்தால் தொடக்கம் மோசமில்லை. 1952-இன் முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கிச் சென்னைக்கும் வந்தது. இத்தாலிய நவயதார்த்தமும் ‘ரஷோமா’னும் இங்கே ஒரே வருடத்தில் கண்ணில் பட்டன. ‘ரஷோமா’னின் தாக்கத்தில் வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ (1954) பாட்டே இல்லாமல் வந்தது. ஒரு கொலை, ஆளுக்கொரு பார்வை. அபர்தீன் சோதனையை ஏவி.எம். ஐம்பது வருடம் முன்னாலேயே நடத்திவிட்டது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். வங்கப் பிரிவினை அகதிகளைப் பற்றிய ‘சின்னமூல்’ (1950) எடுத்த நிமாய் கோஷ் சென்னைக்கே குடிவந்து ‘பாதை தெரியுது பார்’ (1960) இயக்கினார். ஜெயகாந்தன் ‘உன்னைப்போல் ஒருவன்’ (1965) எடுத்தார். புனேயில் ரித்விக் கட்டக்கிடம் பயின்ற ஜான் ஆபிரகாம் இங்கே வந்து ‘அக்ரஹாரத்தில் கழுதை’ (1977) எடுத்துவிட்டுப் போனார்.

ஆள் இருந்தார்கள், படமும் வந்தது. ஆனால் கல்கத்தாவிலும் திருவனந்தபுரத்திலும் நடந்ததுபோல அது ஊர்ப் பேச்சாக ஆகவில்லை. சென்னையில் சங்கங்கள் இருந்தன. அவற்றின் மொழி பெரும்பாலும் ஆங்கிலம். இலக்கியக்காரர்கள் நெடுங்காலம் சினிமாவைத் தீண்டத் தயங்கினார்கள் என்பதைத் தியடோர் பாஸ்கரன் விரிவாகவே எழுதியிருக்கிறார். மற்றவர்கள் ‘அவார்டு படம்’ என்று ஒரு சொல்லைக் கண்டுபிடித்து, மெதுவாக நகர்கிற எதையும் அதற்குள் போட்டு மூடினார்கள். அந்தச் சொல்லில் மரியாதையும் கேலியும் பாதிப் பாதி. இந்த ஊரில் சினிமாவைப் பற்றிய பேச்சுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. சலூனில், பஸ்ஸில், கல்யாணப் பந்தியில் அதுதான் பேச்சு. ஆனால் அது கட்சிப் பேச்சு. எம்.ஜி.ஆரா சிவாஜியா என்று தொடங்கினால் படம் தூரத்தில் நின்றுவிடும், ஆள் முன்னால் வந்துவிடுவார். கோதார்-த்ரூஃபோ கடிதத்தை நாம் தினமும் எழுதிக்கொண்டிருந்தோம். சிறுபத்திரிகைகளும் மாவட்டங்களில் நடந்த உலகப்பட விழாக்களும் பின்னால் இதை மாற்றின. அதற்குள் ரீல் பெட்டிகளின் காலம் முடிந்துகொண்டிருந்தது.

சண்டையையே தொழிலாக்கிய ஜோடியும் உண்டு. சிகாகோவில் எதிரெதிர் நாளிதழ்களின் விமர்சகர்களான ஜீன் சிஸ்கலையும் ராஜர் ஈபர்ட்டையும் 1975-இல் ஒரு தொலைக்காட்சி நிலையம் அக்கம்பக்கமாக உட்காரவைத்தது. ஆரம்பத்தில் ஒருவரையொருவர் பிடிக்காது. கட்டைவிரல் மேலே, கீழே என்று தீர்ப்பை இரண்டு அங்குலத்துக்குச் சுருக்கியதற்காக அவர்களைக் குறை சொல்லலாம், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் இரண்டு நண்பர்கள் சாப்பிட்டுக்கொண்டே பேசுவதைத் தவிர வேறொன்றும் நடக்காத ‘மை டின்னர் வித் ஆந்த்ரே’ (1981) தியேட்டரில் தங்கியதற்கு இந்த இருவரின் பேச்சு பெரிய காரணம். நாற்காலியில் உட்கார்ந்து பேசும் இருவரைப் பற்றிய படத்தை, நாற்காலியில் உட்கார்ந்து பேசும் இருவர் காப்பாற்றியிருக்கிறார்கள்.

இப்போது படத்துக்குப் பஞ்சமில்லை. சத்யஜித் ராய் கப்பலேறிப் போய்ப் பார்த்ததைக் கைப்பேசியில் பார்க்கிறோம். 2022-இல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ கருத்தெடுப்பில் முதலிடம் பெற்ற ஷாந்தால் ஆகர்மனின் ‘ழான் தீல்மன்’ (1975) 201 நிமிடம் ஓடுவது. ஒரு பெண் உருளைக்கிழங்கு உரிப்பதை உரித்து முடிக்கும்வரை காட்டுவது. அதை வீட்டில் தனியாக இடையில் நிறுத்தாமல் பார்த்தவர் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லவும். நான் மூன்று தவணையில் முடித்தேன். பிறகு நண்பர் வீட்டில் ஒரே மூச்சில் பார்த்தோம். பக்கத்தில் ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது கைப்பேசியை எடுக்க வெட்கமாக இருக்கிறது. பேச்சுக்கு முன்னால் அந்த வெட்கம் ஒரு பெரிய உதவி. லாங்லுவா கேட்டதும் அவ்வளவுதானே. இரண்டாவது மணியில் உருளைக்கிழங்கு வெந்து குழைந்துபோனதும் இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தோம். தனியாகப் பார்த்தபோது அதை நான் கவனிக்கவே இல்லை.

போன மாதம் நண்பர் போன் செய்தார். அவருக்குக் கண்புரை அறுவை முடிந்து முதலில் பார்த்த படம் ‘லேட் ஸ்பிரிங்’. நான் சொன்னதுதான் சரி, அவள் பார்க்கிறாள் என்றார். முகம் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, கண் போகிற திசையில்தான் ஜாடி இருக்க வேண்டும் என்று படுக்கையும் ஜன்னலுமாக விளக்கினார். நான் அந்தக் கட்சியை விட்டு எத்தனையோ வருடமாகிறது. தாம்ப்சனைப் படித்தபின் நண்பர் முதலில் சொன்னதே சரியென்று நானே இரண்டு இடத்தில் பேசியும் இருக்கிறேன். அதைச் சொன்னேன். சற்று நேரம் சத்தமில்லை.

“அப்ப ஞாயித்துக்கிழமை வாய்யா,” என்றார். “நிறுத்தி நிறுத்திப் பார்ப்போம்.”